பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ஐபோன்: தவணையா, நகையா, சீட்டா, செகண்ட் ஹேண்டா?

மே மாதம் ரிசல்ட் வந்துவிட்டால் போதும், இந்தக் கேள்வி யார் மூலமாவது வந்துவிடும். "ஐநூறுக்கு மேல எடுத்தா ஐபோன்னு வாக்கு குடுத்துட்டேன், எடுத்துட்டான், இப்ப என்னண்ணே செய்யிறது?" என்று ஒரு அப்பா. "பொண்ணு ஹாஸ்டல்ல சேர்றா, நல்ல போன் கேக்குறா, தவணைல எடுக்கலாமா இல்ல வளையலை வைக்கலாமா?" என்று ஒரு அம்மா. கேட்பவர்கள் வசதியானவர்கள் இல்லை. வீட்டு வருமானம் மாதம் இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம், கூடிப்போனால் நாற்பது. பிள்ளை கேட்கும் போனின் விலையோ அந்த வீட்டின் இரண்டு மாத வருமானம்.

போன் வேண்டுமா வேண்டாமா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. 2020-இல் கொரோனா வந்து வகுப்புகள் போனுக்குள் போன அன்றே அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. கவுன்சிலிங், ஹால் டிக்கெட், கல்லூரி வாட்ஸப் குரூப், மெஸ் பில், பஸ் டிக்கெட் எல்லாம் இப்போது அதில்தான். மிச்சம் இருப்பது எந்தப் போன், எந்தக் காசில் என்ற கேள்வி. இதில் எல்லோரும் முதல் பாதிக்கு மண்டையை உடைத்துக்கொண்டு, எத்தனை கேமரா, எத்தனை ஜிபி என்று ஒரு மாதம் யூடியூப் பார்த்துவிட்டு, இரண்டாவது பாதியைக் கடையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் தம்பியிடம் பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கு அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்குக் காசு எந்தத் தேதியில், எந்த வடிவத்தில் வருகிறதோ, அதே வடிவத்தில்தான் அது வெளியே போகவும் வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குச் சரியாக இருக்கும் வழி, சனிக்கிழமை கூலி வாங்குபவரைக் கவிழ்த்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

மொத்தம் எவ்வளவு போகிறது. போன் விலையோடு வட்டி, கட்டணம், வரி எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதோடு போன் வந்த பிறகு போகும் காசும் உண்டு, அதற்குத் தனியாக வருகிறேன்.

காசு வரும் விதம். மாதம் ஐந்தாம் தேதி வங்கியில் விழுகிறதா, வாரக்கூலியா, அறுவடைக்கோ தீபாவளி போனசுக்கோ ஒரே தடவையாக வருகிறதா?

ஒரு மாதம் தவறினால் என்ன நடக்கும். வேலை போகலாம், வீட்டில் ஒருவர் படுக்கலாம். அப்போது போவது வெறும் அபராதமா, நகையா, மானமா?

போன் எத்தனை வருடம் ஓடும். கட்டி முடிப்பதற்குள் போன் செத்துவிட்டால் அதைவிட எரிச்சல் வேறில்லை. பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால், பணம் போடும் ஆப்களை அதில் வைத்திருப்பதே ஆபத்து.

யார் பெயரில். பதினெட்டு வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, அதனால் பிளஸ் டூ பிள்ளைக்கு வாங்கும் கடன் அநேகமாக அப்பா அல்லது அம்மா பெயரில்தான் நிற்கும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கீழே தவணைப் பகுதியில் பாருங்கள்.

கணக்குக்கு வசதியாக 60,000 ரூபாய் போன் என்று வைத்துக்கொள்வோம். அவசரக்காரர்களுக்கு முதலில் அட்டவணை.

| வழி | கூடுதலாகப் போவது (60,000-க்கு, ஓராண்டு) | தவறினால் | யாருக்கு |
|---|---|---|---|
| கிரெடிட் கார்டில் 'நோ காஸ்ட்' தவணை | ஜிஎஸ்டியும் கட்டணமும் சேர்த்து ஆயிரம் சொச்சம் | அபராதம், கார்டு வட்டி, சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடி | நிலையான மாதச் சம்பளம் |
| 12 சதவீத 'ஃபிளாட்' வட்டித் தவணை | 7,200 மற்றும் கட்டணம் | பவுன்ஸ் கட்டணம், வசூல் ஆட்கள், சிபில் அடி | யாருக்கும் சொல்ல மாட்டேன் |
| வங்கி நகைக் கடன், 10 சதவீதம் என்றால் | 6,000 அளவில் | நகை ஏலம் | ஒரே தடவையாகக் காசு வரும் வீடு |
| அடகுக் கடை, ரெண்டு வட்டி | 14,400 | நகை மூழ்கும் | அவசரத்துக்கு மட்டும், போனுக்கு இல்லை |
| சீட்டு, ஆர்.டி. (வங்கியில் மாதாமாதம் போடும் சேமிப்பு) | ஆர்.டி.யில் வட்டி நமக்கே வரும். சீட்டில் எடுக்கும் மாதத்தைப் பொறுத்தது | காத்திருப்பு நீளும் | வாரக்கூலி, சிறு கடை |
| செகண்ட் ஹேண்ட் | பேட்டரி, சின்ன ரிப்பேர் | போனே போகலாம் | ஐபோன்தான் வேண்டும், காசு பாதிதான் |

## கடைத் தவணை

"வட்டியே இல்ல சார்." இந்த வாக்கியத்தில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. 2013-இலேயே ரிசர்வ் வங்கி, வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு கட்டணமாக மறைத்து வைக்காதீர்கள் என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த நோ காஸ்ட் தவணையில் வட்டி இருக்கிறது, அதே அளவுத் தொகையைக் கம்பெனியோ கடையோ முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறது, அவ்வளவுதான். கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிப் பங்குக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்கள் தலையில் வரும். 60,000 ரூபாய், 12 மாதம், 16 சதவீத வட்டி என்றால் வட்டிப் பங்கு ஏறத்தாழ 4,900 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 880 அளவில். பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம். உண்மையைச் சொன்னால் இது மலிவான கடன்தான், ஒழுங்காகக் கட்டுபவருக்கு.

ஃபிளாட் வட்டி வேறு சமாச்சாரம். "மாசம் ஒரு பர்சென்ட்தான்" என்பார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியைக் கடைசி வரை முழு 60,000-க்கே போடுவார்கள், அதனால் 12 சதவீத ஃபிளாட் என்பது உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல். 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன் எதுவானாலும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் விவரத் தாளைக் கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும். கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

வட்டியை விட மறைவாகப் போகும் காசு வேறு இடங்களில் இருக்கிறது. ரொக்கத்துக்குக் கடைக்காரர் குறைத்திருக்கக்கூடிய தொகை தவணை என்றதும் காணாமல் போய்விடும். கேட்காமலேயே இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று இரண்டு மூன்று வரிகள் பில்லில் ஏறியிருக்கும், கையெழுத்துப் போடும் முன் பில்லை வரி வரியாகப் படித்து வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பவுன்ஸ். கணக்கிலிருந்து தானாக எடுக்கும் நாளில் இருநூறு ரூபாய் குறைந்திருந்தாலும் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் என்று ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் வரை போய்விடும். ஒரு வருடத்தில் இரண்டு தடவை பவுன்ஸ் ஆனாலே உங்கள் நோ காஸ்ட் போன கதைதான்.

இன்னொன்று. ஒழுங்காக மூன்று நான்கு தவணை கட்டிய உடனே "சார் உங்களுக்கு ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் ரெடி" என்று போன் வர ஆரம்பிக்கும். போன் வாங்கப் போன குடும்பம் கடைசியில் கடனுக்குள் போவது இந்த வாசல் வழியாகத்தான்.

இப்போது பெயர் விஷயம். தவணை அப்பா பெயரில். இரண்டு மாதம் தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண் இறங்கும். பிள்ளை கல்லூரியில் சேரும் அதே வருடம்தான் கல்விக் கடனுக்கு விண்ணப்பிப்பீர்கள், அதில் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுபவரும் அதே அப்பாதான், வங்கி மேனேஜர் திரையில் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான். ஐயாயிரம் ரூபாய்த் தவணை ஒன்றுக்காக நான்கு லட்சம் ரூபாய்க் கல்விக் கடன் இழுபடுவது அபத்தம். கல்விக் கடன் எடுக்கப் போகிறீர்கள் என்றால், அது கைக்கு வரும் வரை போனுக்காக எந்தத் தவணையும் எடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

தவணை யாருக்குச் சரி? சம்பளம் மாதம் தவறாமல் கணக்கில் விழ வேண்டும், ஏற்கெனவே வண்டித் தவணை எதுவும் ஓடக்கூடாது, ஒரு மாதத் தவணைப் பணம் எப்போதும் கணக்கில் மிச்சம் கிடக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக எடுங்கள், ஆனால் 12 மாதத்துக்கு மேல் வேண்டாம். 24 மாதத் தவணை மனசுக்கு லேசாக இருக்கும். ஆனால் அது முடியும்போது பிள்ளை இரண்டாம் ஆண்டு முடித்து அடுத்த போனைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

## நகையை வைப்பது

படித்தவர்கள் இதைக் கேட்டாலே பதறுவார்கள். எனக்கு அந்தப் பதற்றம் கிடையாது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போட்டவருக்கும், டெல்டாவில் சம்பா அறுவடை செய்பவருக்கும், சிவகாசியில் தீபாவளி போனசை நம்பியிருப்பவருக்கும் மாதத் தவணைதான் எமன். அவர்களுக்குக் காசு வருவதே ஒரே தடவையாக. அப்படிப்பட்ட வீட்டுக்கு, வங்கியில் நகையை வைத்து, வெள்ளாமை வீட்டுக்கு வந்ததும் அசலையும் வட்டியையும் ஒன்றாகக் கட்டித் திருப்புவது இயல்பான வழி. வட்டியும் கடைத் தவணையின் ஃபிளாட் வட்டியை விடப் பெரும்பாலும் குறைவு.

ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தெருமுனை அடகுக் கடையில் "ரெண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மூணு வட்டி என்றால் 36. அரை மணி நேரத்தில் காசு கிடைக்கும் வசதிக்குக் கொடுக்கும் விலை அது. ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது கொடுக்கலாம், ஐபோனுக்கு ஏன்?

இன்னொரு மாற்றம் நிறையப் பேரைத் தடுமாற வைக்கிறது. தங்கம் ஏறியிருக்கும் ஏற்றத்தில், ஆறேழு வருடத்துக்கு முன் மூன்று பவுன் வைத்து வாங்கிய காசை இப்போது ஒரு பவுனுக்கே வாங்கிவிடலாம். 2026 ஏப்ரல் முதல் இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதியும் தளர்ந்திருக்கிறது. "ஒத்தை மோதிரம்தானே" என்று கை தானாக நீளும். கவுண்டரில் "இன்னும் முப்பதாயிரம் வரும், எடுத்துக்கிறீங்களா" என்பார்கள். தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

மறைவான செலவு, மாற்றி வைப்பது. வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி அதே நகையை மறுபடி வைப்பார்கள். அடுத்த வருடமும் அதே. போன் கீழே விழுந்து, டிஸ்ப்ளே போய், பிள்ளை வேறு போனுக்கு மாறியே போயிருப்பான், முதல் போனுக்கு வைத்த சங்கிலி வங்கி லாக்கரிலேயே இருக்கும். ஆகவே ஒரே நிபந்தனை: திருப்பப் போகும் காசு எது, எந்த மாதம் வரும் என்று வைக்கும் அன்றே சொல்ல முடிய வேண்டும். "எப்படியாவது திருப்பிடலாம்" என்றால் வைக்காதீர்கள். வைக்கப் போவது யாருடைய நகை, அவரைக் கேட்டாயிற்றா என்பதும் உண்டு. பெரும்பாலும் அம்மாவுடையது, பெரும்பாலும் கேட்பதில்லை.

## சீட்டும் ஆர்.டி.யும்

திருப்பூர் பனியன் கம்பெனிக் குடும்பங்களில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி, சீட்டுக்காசு என்று வாரக் கணக்காகவே வாழ்க்கை ஓடும். இவர்களிடம் மாதக் கடைசியில் ஐயாயிரத்தைச் சேர்த்து வை என்றால் சேராது, வாரம் ஆயிரம் கொடு என்றால் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு சீட்டுதான் பொருத்தம்.

ஏலச் சீட்டில் முதல் மாதங்களில் எடுக்க வேண்டும் என்றால் சீட்டுத் தொகையில் நிறையத் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்க வேண்டியிருக்கும், அந்தத் தள்ளுதான் உங்கள் வட்டி. பின்னால் எடுத்தால் லாபம். பதிவு செய்த சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும், நடத்துபவர் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தெருவில் ஒரு அக்கா நோட்டுப் போட்டு நடத்தும் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது, அந்த அக்காவின் நாணயம்தான். சீட்டு எடுத்துக்கொண்டு ஓடிப்போனவர்கள் கதை தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஒன்றாவது கிடைக்கும். போன் அளவுத் தொகையை மட்டும், தெரிந்த இடத்தில் போடுங்கள்.

சீட்டு பிடிக்காதவர்களுக்கு வங்கி ஆர்.டி. சுவாரசியமே இல்லாத வழி, அதனால்தான் யாரும் சொல்வதில்லை. பிளஸ் ஒன் சேரும்போதே மாதம் 2,500 போட ஆரம்பித்தால் இரண்டு வருடத்தில் அசல் மட்டும் 60,000.

"அதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருந்தா செஞ்சிருப்போம், இப்ப ஜூன்ல காலேஜ் ஆரம்பிக்குதே" என்பீர்கள். சரி, காத்திருப்பதிலும் காசு இருக்கிறது. செப்டம்பரில் ஆப்பிள் புது மாடலை விடும்போது போன வருட மாடலின் விலையைக் குறைக்கும். ஐபோன் 15, ஐபோன் 16 இரண்டுமே 79,900-க்கு வந்து அடுத்த செப்டம்பரில் 69,900 ஆனவை. அதன் பின்னாலேயே ஆயுத பூஜை, தீபாவளித் தள்ளுபடி வந்துவிடும். மே மாதம் வாங்குபவருக்கும் அக்டோபரில் வாங்குபவருக்கும் உள்ள இந்த வித்தியாசம், மேலே எழுதிய வட்டிக் கணக்குகள் பலவற்றை விடப் பெரியது. நடுவில் உள்ள நான்கு மாதத்துக்கு வீட்டில் கிடக்கும் பழைய போன் போதும்.

(ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் போன் நமக்கு ஏன் மலிவாகக் கிடைப்பதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். எங்கே பூட்டினாலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 82,900 ரூபாய் ஐபோன் 17-இல் வரி மட்டும் 12,600 ரூபாய்க்கு மேல்.)

## செகண்ட் ஹேண்ட்

பிள்ளைக்கு வேண்டியது ஐபோன் என்ற பெயர், பெற்றோரிடம் இருப்பது பாதிக் காசு. இந்த நிலைக்கு இதுதான் என் முதல் பரிந்துரை, பார்த்து வாங்கத் தெரிந்தால்.

ஆயுள் கணக்கு இப்படி. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களுக்கு 2025-இல்தான் புதிய ஐஓஎஸ் (ஐபோனை இயக்கும் மென்பொருள்) நின்றது, அதாவது ஏழு வருடம். அதே கணக்கு நீடித்தால் 2021-இன் ஐபோன் 13-க்கு 2028 வரை வரும், மூன்று வருட டிகிரிக்கு அது இழுபறி. 2022-இன் 14 பரவாயில்லை. 2023-இன் 15 என்றால் பொறியியல் நான்கு வருடத்தையும் தாண்டும்.

சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு கடையானாலும், ஆன்லைன் ரீஃபர்பிஷ்ட் (பழையதைச் சரிபார்த்து விற்கும்) விற்பனையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை எடுங்கள். கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் நல்லதா, முடக்கப்பட்டதா என்று அரசு பதில் தரும். திருட்டுப் போன் என்றால் போனும் போகும், போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டும். விற்பவர் உங்கள் கண் முன்னால் அந்தப் போனில் இருக்கும் அவருடைய ஐகிளவுட் (ஆப்பிள்) கணக்கை விட்டு வெளியேற வேண்டும், "அப்புறம் எடுத்து விடுறேன்" என்றால் காசு கொடுக்காதீர்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போனால் டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றியதா, ஒரிஜினலா என்று அதுவே காட்டும். பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். பில்லும் எழுத்தில் ஆறு மாத வாரண்டியும் தரும் கடைக்கு இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கி, கூடவே அழைத்துப் போங்கள். புதுசு என்று நினைத்திருந்த பெட்டியில் பழசு இருந்தால் அந்தச் சண்டை மூன்று வருடம் ஓடும்.

## ஆண்ட்ராய்டு, பழைய போன், பிள்ளையின் சொந்தக் காசு

பதினைந்திலிருந்து இருபதாயிரத்துக்குள் புது ஆண்ட்ராய்டு. ஒரு காலத்தில் இவை இரண்டு வருடத்தில் அப்டேட் நின்று சவமாகிவிடும், இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் இருபதாயிரத்துக்குள் வந்த கேலக்ஸி ஏ16-க்கே ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று சாம்சங் அறிவித்தது. படிப்புக்குத் தேவையானது எதுவும் இதில் குறையாது. குறைவது நண்பர்கள் நடுவில் கிடைக்கும் மதிப்பு மட்டும்தான், ஆனால் அதைச் சாதாரணமாகத் தள்ளிவிடாதீர்கள், பதினேழு வயதில் அது சின்னக் குறை இல்லை. கடன் வாங்காமல் சமாளிக்க நினைக்கும் எல்லா வீட்டுக்கும் இதுதான் பதில்.

அப்பா போன் பிள்ளைக்கு, புது போன் அப்பாவுக்கு: இது நடக்கும் வீடு குறைவு. தலைகீழாகத்தான் நடக்கும், உடைந்த டிஸ்ப்ளே போன் அம்மா கைக்கு வந்து சேரும்.

பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிந்து கல்லூரி திறக்கும் வரை மூன்று மாதம் கிடைக்கிறது. துணிக்கடை, கேட்டரிங், சூப்பர் மார்க்கெட் என்று போய் பதினைந்தாயிரம் வரை சேர்த்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டுக்குக் கீழே பட்டாசு, சுரங்கம் போன்ற அபாயமான வேலைக்குச் சட்டம் இடம் தராது, அது தவிர்த்துப் பார்க்கலாம். பாதி நீ, பாதி நாங்க என்ற ஒப்பந்தம் நன்றாக வேலை செய்கிறது, சொந்தக் காசு போட்ட போனுக்கு டெம்பர்ட் கிளாஸ் தானாக ஒட்டப்படுகிறது. ஒரே பயம், கையில் காசு பார்த்த பையன் "இப்படியே வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிடுவது. படிப்பில் ஏற்கெனவே ஆர்வம் குறைந்த பிள்ளை என்றால் இந்த வழியைத் தொடாதீர்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வருகிறது. அது படிப்புக்காக வரும் காசு என்பது சரிதான். ஆனால் ஹாஸ்டல் பிள்ளைக்கு ரீசார்ஜ் இல்லாமல் படிப்பும் இல்லை, அதனால் ரீசார்ஜை அதிலிருந்து போட்டுக்கொள்ளட்டும், போன் தவணையை அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

## தொடவே கூடாத காசு

லோன் ஆப், தண்டல், மகளிர் குழுக் கடன். முதல் இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. ஒன்று மட்டும்: கடன் தரும் ஆப் உங்கள் காண்டாக்ட் பட்டியலைக் கேட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி அது கேட்கவே கூடாத ஒன்று, அங்கேயே அழித்துவிடுங்கள். குழுக் கடனில் சிக்கல் வேறு மாதிரி. உங்கள் தவணை தவறினால் கூட உட்கார்ந்திருக்கும் பெண்களின் தலையில் விழும், சென்டர் மீட்டிங்கில் அந்த அவமானத்தைப் பட்டுக்கொள்வது அம்மா, போனைப் பிடித்துக்கொண்டிருப்பது மகன்.

## போன் வந்த பிறகு

ஐபோன் 12-இலிருந்து பெட்டியில் சார்ஜர் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். கேஸ், கிளாஸ். 84 நாள் பிளான் எண்ணூறைத் தொடுகிறது, வருடத்துக்கு 3,500 அளவில். ஐகிளவுடில் 5 ஜிபி மட்டும் இலவசம், போட்டோ நிறைந்ததும் 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய் எடுக்க ஆரம்பிக்கும். எல்லாவற்றுக்கும் மேல் டிஸ்ப்ளே: புது ஐபோன் ஒன்றின் கண்ணாடி உடைந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருபதாயிரத்தைத் தாண்டும். அந்தக் காசு யாருடையது என்று வாங்குவதற்கு முன்பே பேசி வையுங்கள். என் கணக்கில், போன் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைக்க முடியாத வீடு அந்த விலைப் போனை வாங்கக்கூடாது.

கூடவே இன்னொரு செலவு, அடுத்த பிள்ளை. "அண்ணனுக்கு வாங்கிக் குடுத்தீங்கள்ல" என்ற கேள்வி நிச்சயம் வரும், அதிலும் கேட்பவள் பெண்ணாக இருந்தால் "உனக்கு எதுக்கு அவ்ளோ விலைல" என்று முடித்துவிடும் வீடுகள் இன்னும் நிறைய. மூத்தவனுக்கு எந்த விலையோ அதே விலையை இளையவளுக்கும் தர முடியுமா என்று பார்த்துவிட்டு முதல் போனின் விலையை முடிவு செய்யுங்கள்.

வாங்கித் தராவிட்டால் ஏதாவது செய்துகொள்வேன் என்று பிள்ளை சொன்னதால் அவசரப்பட்டு வாங்கியவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் அது போன் விஷயமே இல்லை. கணக்கை மூடி வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள், டெலிமானஸ் 14416 எந்நேரமும் தமிழில் பேசும்.

## கடைசியாக, லேப்டாப்

60,000 இருக்கிறது, அதில் முழுவதையும் போனில் போடலாமா என்று கேட்டால், என்ன படிப்பு என்று திருப்பிக் கேட்பேன். கம்ப்யூட்டர் சயன்ஸ், பொறியியல், பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) என்றால் 18,000-க்கு ஆண்ட்ராய்டு, மிச்சம் 42,000-க்கு லேப்டாப். வாங்கும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்: கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்து, 2026 ஜனவரியில் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். உங்கள் பிள்ளையின் கல்லூரியும் ஆண்டும் அதில் வருமா என்று தெரிந்துகொண்டு பிறகு கடைக்குப் போனால் போதும். தமிழ், வரலாறு, பி.காம். பொதுப்பிரிவு என்றால் முதல் வருடம் போனை வைத்தே ஓட்டிவிடலாம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாதிரி, பிள்ளை எடுக்கும் வீடியோவே அதன் பாடம் என்றால் மட்டும் நான் ஐபோனுக்கு ஓட்டுப் போடுவேன், அதுவும் செகண்ட் ஹேண்ட் 15, பில்லோடு.